ஏப்ரல் கேம்பஸ் வாரம்: மாலை வகுப்புக்காரர்களை எப்படி உள்ளே இழுப்பது? சேவைக்கு என்ன செய்யலாம்?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். சிகாகோ புறநகரில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர்க்காரர்களுக்கான இரண்டு வருடக் கல்லூரி) அக்கவுண்டிங் படிக்கிறேன். ஹெச்-4 விசா (கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது), வீட்டில் சின்னக் குழந்தை, அதனால் எல்லாமே மாலை வகுப்புகள். போன செமஸ்டரில் "மாலை மாணவர் சார்பாக யாராவது வாருங்கள்" என்று கேட்டார்கள், கை தூக்கினேன். இப்போது ஸ்டூடண்ட் கவர்ன்மென்டில் இருக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு வாரம் முழுக்கக் கொண்டாட்டமும் சேவையும் என்று திட்டம். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களின் சங்கம் ஏப்ரலைத்தான் கம்யூனிட்டி காலேஜ் மாதம் என்கிறது. தேசியத் தன்னார்வலர் வாரம், 22ஆம் தேதி புவி நாள் எல்லாம் அதிலேயே வருவதால் நிர்வாகத்துக்கும் வசதி.

வழக்கமான அட்டவணை இதுதான்: திங்கள் பீட்சா, டிஜே. செவ்வாய் கிளப் மேசைகள். புதன் பக்கத்துப் பூங்காவில் குப்பை எடுப்பது. வியாழன் பல நாட்டு உணவு. வெள்ளி ஊழியர்களும் மாணவர்களும் கைப்பந்து. எல்லாமே பகல் 11 முதல் 1 வரை. நாங்கள் ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது பலூன் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

மாலை மாணவர்களுக்கும் இதில் இடம் வேண்டும். குப்பை எடுப்பதைத் தாண்டி உருப்படியாக ஒரு சேவையும் வேண்டும். இங்கே கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்கள், படித்தவர்கள் இருப்பீர்கள். யோசனை சொல்லுங்கள். பணம் ஸ்டூடண்ட் ஆக்டிவிட்டி ஃபீயிலிருந்து வருகிறது, பெரிய தொகை இல்லை.

---

மேசைநாற்காலி எழுதியது:

டெக்சாஸில் ஒரு கல்லூரியின் ஸ்டூடண்ட் லைஃப் அலுவலகத்தில் இருக்கிறேன். பெயருக்கேற்றபடி மேசை நாற்காலி புக் பண்ணுவதுதான் பாதி வேலை.

11–1 நேரத்தைத் தொடாதீர்கள், சண்டை வரும். பட்ஜெட்டில் பாதியை மாலை 5.15 முதல் 6.30 வரைக்கு நகர்த்துங்கள். அதைவிட முக்கியம் இடம். ஸ்டூடண்ட் சென்டரில் வைக்காதீர்கள். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல் டிகிரி வாங்கிப் போகிறவர்கள் மாலை மாணவர்கள். பார்க்கிங்கிலிருந்து வகுப்புக் கட்டடத்துக்குள் நுழையும் கதவு ஒன்று இருக்குமே, அங்கே மேசையைப் போடுங்கள். வேலையிலிருந்து நேராக, பசியோடு வருவார்கள். ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிற சாப்பாடாக இருக்கட்டும்.

சேவையும் அதே கதவருகே, பத்து நிமிடத்தில் முடிகிற வேலையாக இருந்தால் நிற்பார்கள். வீடற்றோர் தங்குமில்லங்களுக்கு அனுப்பும் சுகாதாரப் பைகள் கட்டுவது எங்களிடம் நன்றாகப் போகிறது. நீள மேசை. முதல் ஆள் ஜிப் பையைத் திறந்து பிடிப்பார், அடுத்தவர் பிரஷ், பேஸ்ட், அதற்கடுத்தவர் சோப்பு, சீப்பு, காலுறை. கடைசி ஆள் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடுவார். காற்றோடு மூடினால் அட்டைப் பெட்டியில் பாதிகூடக் கொள்ளாது. அந்தக் கடைசி இடத்தில் ஒரு பொறுமைசாலியை நிறுத்துங்கள்.

ஒன்று கவனம்: எத்தனை பை வேண்டும், உள்ளே என்ன வேண்டும் என்று தங்குமில்லத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஷாம்பு ஏற்கெனவே மலைபோல் கிடக்கும், காலுறைக்கும் உள்ளாடைக்கும்தான் தவிப்பார்கள்.

---

கறுப்புக்காபி எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. கொண்டாட்டமும் சேவையும் ஒரே வாரத்தில் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

நான் படித்த இடத்தில் அறுபது பேர் பூங்காவைச் சுத்தம் செய்யப் போனோம். அறுபது பேருக்கும் புது டி-ஷர்ட், பிளாஸ்டிக் கையுறை, தண்ணீர் பாட்டில், ஸ்நாக்ஸ் பாக்கெட். எடுத்த குப்பை அதிகமா, நாங்கள் உண்டாக்கிய குப்பை அதிகமா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. குழுப் படம் மட்டும் கல்லூரித் தளத்தின் முகப்பில் வருடம் முழுக்க இருந்தது.

இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் ஃபுட் பேன்ட்ரியில் கேட்டுப் பாருங்கள். நவம்பரில் தேங்ஸ்கிவிங் சமயத்தில் வருகிற தன்னார்வலர்களைத் திருப்பி அனுப்புவார்கள். ஜூலையில் அலமாரி அடுக்க ஆள் கிடைக்காது. ஏப்ரலில் ஒரு வாரம் போய் நின்று யாருக்கு என்ன லாபம்?

---

மதுரைக்காரன் எழுதியது:

கறுப்புக்காபி சொல்வதில் பாதி சரி.

நான் ஊரில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) ஆள். 1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம். வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240. அதற்கு மேல் ஏழு நாள் சிறப்பு முகாம். நாங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து, சீமைக்கருவேலம் வெட்டி, சாயங்காலம் ஆளுக்கொரு பாட்டு, நாடகம் என்று போடுவோம். கொண்டாட்டமும் சேவையும் அங்கேயும் ஒன்றாகத்தான் இருந்தது, யாரும் அதைக் குறை சொல்லவில்லை. ஊர்க்காரர்களே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள்.

ஆனால் அந்த ஏழு நாள் தனியாக நிற்கவில்லை. வருடம் முழுக்க அதே ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். முகாமுக்குப் போகும்போது எந்தத் தெருவில் வாய்க்கால் அடைத்திருக்கிறது என்று முன்பே தெரியும். தெரியாத ஊரில் திடீரென்று போய் இறங்கியிருந்தால் நாங்களும் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம்.

---

பின்னப்பெருக்கல் எழுதியது:

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கணக்கு எடுக்கிறேன். மதுரைக்காரன் சொன்ன மாதிரியை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. நம் மாணவர்களில் பெரும்பாலோர் பகுதி நேரம். பல இடங்களில் விடுதி கிடையாது. வகுப்பு முடிந்ததும் ஷிஃப்டுக்கு ஓடுகிறவர், டே-கேர் மூடுவதற்குள் குழந்தையைக் கூப்பிடப் போகிறவர். இவர்களிடம் ஏழு நாள் கேட்பது அநியாயம்.

ஆனால் நான்கு வருடப் பல்கலைக்கழகத்திடம் பெரும்பாலும் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நம் கல்லூரிகள் கைத்தொழில் சொல்லிக்கொடுக்கின்றன. கார் ரிப்பேர், நர்சிங், பல் சுகாதாரம், முடி வெட்டுவது, வெல்டிங், தோட்டக்கலை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு சேவை வாரம் என்றதும் எல்லோர் கையிலும் ஒரு குப்பைப் பையைக் கொடுக்கிறோம். இது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

மாலைவகுப்பு, முதல் வேலையாக உங்கள் கல்லூரியின் துறைப் பட்டியலைப் பாருங்கள். பல் சுகாதாரத் துறை இருந்தால் அங்கே கிளினிக் இருக்கும். மாணவர்களுக்குப் பயிற்சிக்கு நோயாளிகள் கட்டாயம் தேவை, பல பேருக்குப் பல் சுத்தம் செய்யக் காசு இல்லை. இரண்டு தரப்புக்கும் வேலை நடக்கும். ஒரு சந்திப்பு மூன்று மணி நேரம்கூட ஆகலாம், ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்க்க வேண்டும் என்பதால். அதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

உங்கள் துறையே போதும். வருமான வரி கட்டக் கடைசி நாள் ஏப்ரல் 15. குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் வீட்டா (VITA) என்ற திட்டத்தை அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் நடத்துகிறது. பல கம்யூனிட்டி காலேஜ்களில் அதற்கு மையம் உண்டு. தன்னார்வலர் ஐஆர்எஸ் தேர்வு எழுதித் தேற வேண்டும், பயிற்சி குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். இந்த வருடம் தேர்வு எழுதாதவர்கள் வரவேற்பு மேசையில் நிற்கலாம், மொழிபெயர்க்கலாம். அடுத்த வருடத்துக்கு இப்போதே பெயர் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் இல்லினாய்ஸில் கல்லூரி மாவட்டத்துக்கென்று சுற்றுவட்டார வீட்டுக்காரர்கள் சொத்து வரியில் ஒரு பங்கு கட்டுகிறார்கள். கல்லூரிக்குள் காலே வைக்காதவர்களும் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் முதல் பொதுக் கம்யூனிட்டி காலேஜே உங்கள் பக்கத்து ஜோலியட்டில்தான் 1901இல் ஆறு மாணவர்களோடு தொடங்கியது. வரி கட்டும் அந்த ஊர்க்காரர்கள் ஒரு நாளாவது உள்ளே வந்து எதையாவது வாங்கிக்கொண்டு போகட்டுமே.

---

பத்தாம்நம்பர்ஸ்பேனர் எழுதியது:

வாத்தியார் சொன்னதற்கு ஒரு சலாம். நான் ஆட்டோமோட்டிவ் முடித்தவன், இப்போது ஒரு டீலர்ஷிப்பில் வேலை. எங்கள் கல்லூரியில் இந்த வாரத்தில் பார்க்கிங்கில் இலவச வண்டிப் பரிசோதனை நடத்தினோம். நடத்திய ஆசிரியர் போட்ட ஒரே விதி: பார்க்கலாம், சொல்லலாம், ரிப்பேர் பண்ணக் கூடாது. ஸ்பேனர் எடுத்தால் இன்ஷூரன்ஸ் சிக்கல். காற்று அடிப்பது, வாஷர் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான்.

அதற்கே எவ்வளவு வேலை இருந்தது தெரியுமா? சிகாகோ குளிர் முடிந்து ஏப்ரலில் வருகிற வண்டிகளில் டயர் காற்று கண்டபடி இருக்கும். வெப்பநிலை பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) அளவில் இறங்கும். பெரும்பாலோர் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துக் காற்று அடிக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்சபட்ச அழுத்தம். உங்கள் வண்டிக்கு வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கரில் இருக்கும்.

கூட்டம் கூடியது காசுச் சோதனைக்கு. ஒரு சென்ட் காசை லிங்கன் தலைகீழாக இருக்கும்படி டயர் பள்ளத்தில் செருகுவோம். லிங்கனின் தலைமுடி உச்சி முழுசாகத் தெரிந்தால் டயர் தேய்ந்து பள்ளத்தின் ஆழம் 2/32 அங்குலத்துக்கு வந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஒரு பாட்டி தன் வண்டியில் அதைத் தானே செய்து பார்த்துவிட்டு, பக்கத்து வண்டிக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்குப் பொழுது முடியும்போது பாதி வேலையை வந்தவர்களே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலை மாணவர்களுக்கு இது கச்சிதம். வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகலாம். திரும்பி வரும்போது வைப்பரில் சீட்டு செருகியிருக்கும்: நான்கு டயர், வைப்பர், எது சரி, எதைக் கவனிக்க வேண்டும் என்று.

---

கறுப்புக்காபி எழுதியது:

சரி, இது எனக்குப் பிடித்திருக்கிறது. டி-ஷர்ட் மட்டும் வேண்டாம்.

---

இரவுஷிஃப்ட் எழுதியது:

நர்சிங் பக்கம் நான் சொல்கிறேன். ரத்த அழுத்தம் பார்க்கும் மேசை போடுவது சுலபம், ஆனால் நர்சிங் ஆசிரியர் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். எண் மிக அதிகமாக வந்தால் யாரிடம் அனுப்புவது என்பதை முன்பே எழுதி வையுங்கள். படியேறி மூச்சிரைக்க வருகிறவரை உடனே அளக்காதீர்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வைக்க வேண்டும். பக்கத்தில் டிஜே இருந்தால் அதுவும் நடக்காது!

ரத்த தான முகாம் வைத்தால் நம்மவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர்கள், மலேரியா உள்ள நாட்டை விட்டு வந்து மூன்று வருடம் ஆகும்வரை பொதுவாக ரத்தம் கொடுக்க முடியாது. இடையில் ஊருக்குப் போய்வந்தால் கணக்கு மாறும். ஆசையோடு வரிசையில் நின்று, கேள்வித்தாளில் திருப்பி அனுப்பப்பட்டு, ஏதோ நோயாளி மாதிரி முகம் சுண்டிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நோய் பற்றிய தீர்ப்பு இல்லை, முன்னெச்சரிக்கை. விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், ஆகவே முகாமை நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்கு அங்கேயே ஒரு வேலை கொடுங்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஜூஸ் கொடுத்து, கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுக்கவும் ஆள் வேண்டுமே.

---

ஐ20கையில் எழுதியது:

நான் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். இந்த வாரத்தில் தன்னார்வலராக வேலை செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? கேம்பஸில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்கிறார்கள். அதில் இது சேருமா?

---

மேசைநாற்காலி எழுதியது:

தம்பி, அந்த 20 மணி நேரம் சம்பள வேலைக்கு, வகுப்பு நடக்கும் காலத்தில். லாப நோக்கமில்லாத அமைப்புக்கு எந்தப் பிரதிபலனும் வாங்காமல் தன்னார்வலராகச் செய்வது அதில் வராது. ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற வேலையை "சும்மா" செய்து கொடுக்கக் கூடாது. பை கட்டுவது, அலமாரி அடுக்குவது சரி. ஏதாவது கம்பெனியின் அக்கவுண்ட்ஸைச் சேவை என்ற பெயரில் பார்த்துக் கொடுப்பது சரியில்லை. கிஃப்ட் கார்டு கொடுத்தால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். ஹெச்-4 காரர்களும் இதே எச்சரிக்கையோடு இருப்பது நல்லது.

அப்புறம் எல்லோருக்கும்: பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் உங்கள் கேம்பஸில் இருப்பார்கள். அவர்கள் வெளியே வருவதென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இதை அன்று காலையில் நினைத்துப் பார்த்தால் பஸ் கிளம்பாது.

---

நூலகக்கவுன்டர் எழுதியது:

ஊருக்குச் சேவை என்று எல்லோரும் வெளியே பார்க்கிறீர்கள். பசி உள்ளேயே இருக்கிறது. மூடும் நேரம் வரை நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு அன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாடு எங்கள் கவுன்டரில் வைக்கும் பிஸ்கட்தான்.

உணவு உதவிக்கு ஸ்னாப் திட்டம் இருக்கிறது. ஆனால் பாதி நேரமோ அதற்கு மேலோ படிக்கும் மாணவர் என்றால் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், அல்லது விலக்குப் பட்டியலில் வர வேண்டும். அந்த விலக்குகள் பலருக்குத் தெரியாது. குழந்தை உள்ளவர்கள், வொர்க்-ஸ்டடி (அரசு நிதியுதவியில் மாணவர்களுக்குத் தரும் பகுதி நேர வேலை) கிடைத்தவர்கள், சில வகைத் தொழிற்பயிற்சியில் இருப்பவர்கள் வரலாம். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2018 டிசம்பரில் ஓர் அறிக்கை தந்தது. தகுதி இருக்கக்கூடியவர்கள், ஆனால் 2016இல் இந்த உதவியைப் பெற்றதாகச் சொல்லாதவர்கள் என்று கிட்டத்தட்ட 20 லட்சம் மாணவர்கள் அதில் தேறினார்கள்.

ஆகவே ஒரு மேசை, இரண்டு மடிக்கணினி, படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் ஆள். இதுவும் சேவைதான். "ஏழை மாணவர் உதவி" என்று பேனர் கட்டிவிடாதீர்கள், ஒருவரும் அருகில் வர மாட்டார்கள். கிளப் மேசைகளுக்கு நடுவில், மற்ற மேசைகள் போலவே போடுங்கள். வொர்க்-ஸ்டடி என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்தக் கூட்டாட்சிப் பணத்தில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை வேலைகளுக்குக் கல்லூரி செலவழிக்க வேண்டும். வாரம் முடிந்த பிறகும் பேன்ட்ரியில் ஓர் ஆளைச் சம்பளத்தோடு நிறுத்த முடியுமா என்று நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். கறுப்புக்காபியின் ஜூலைக் கவலைக்கு இது ஒரு வழி.

உணவு சேகரிப்பு வைத்தால் டப்பா திறக்கும் கருவி தேவைப்படாத டப்பாக்களைக் கேளுங்கள். காரிலேயே தங்கியிருக்கும் மாணவனிடம் கிட்னி பீன்ஸ் டப்பாவைக் கொடுத்தால் அவன் அதை வைத்து என்ன செய்வான்?

---

மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கூட்டத்தில் இவற்றை எடுத்துவைத்தேன்.

பூங்கா போய்விட்டது. புதன்கிழமை மாலை பார்க்கிங்கில் வண்டிப் பரிசோதனை. ஆட்டோமோட்டிவ் ஆசிரியர் நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றார், இத்தனை வருடமாக யாரும் வந்து கேட்கவில்லையாம். மழை வந்தால் அவர்களுடைய ஷெட்டுக்குள்ளேயே. கதவருகே பை கட்டும் மேசை திங்கள் முதல் வியாழன் வரை மாலையில். எந்தத் தங்குமில்லம் என்று இன்னும் முடிவாகவில்லை, இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறோம். ஸ்னாப் மேசை செவ்வாய்க்கிழமை கிளப்களோடு. பல் கிளினிக் அந்த வாரம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, ஆனால் மே மாதத்துக்குப் பெயர் எழுதும் தாள் ஒன்றை எங்கள் மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பேன்ட்ரி விஷயத்தில் கறுப்புக்காபி கேட்டது சரிதான். வாரத்தின் எல்லா மேசைகளிலும் கோடைக்கால ஷிஃப்டுக்கான பதிவுத்தாள் இருக்கும். வந்து பெயர் எழுதினால்தான் சாப்பாடு என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டோம்.

பல நாட்டு உணவு மட்டும் இன்னும் இழுபறி. வீட்டில் சமைத்துக் கொண்டுவர எல்லோருக்கும் ஆசை, கவுன்ட்டி சுகாதாரத் துறையிடம் அனுமதி வேண்டும் என்கிறார் நிர்வாகி. அவர் சொல்வது சரியா, இல்லை தட்டிக்கழிக்கிறாரா?

---

மேசைநாற்காலி எழுதியது:

சரியாகத்தான் சொல்கிறார். பொதுமக்களுக்குப் பரிமாறினால் தற்காலிக உணவு அனுமதி பல கவுன்ட்டிகளில் கேட்பார்கள், வீட்டுச் சமையலறையில் செய்ததை ஏற்க மாட்டார்கள். கல்லூரியில் சமையல் கலைத் துறை இருந்தால் அந்தச் சமையலறையில், அவர்கள் மேற்பார்வையில் செய்யுங்கள். சூடான உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகாமலும், குளிர்ந்தது 41க்கு மேலே போகாமலும் பார்த்துக்கொள்ளத் தெர்மாமீட்டரும் அவர்களிடமே இருக்கும். முடியாவிட்டால் உணவகத்தில் வாங்குங்கள், செய்முறையை மட்டும் மாணவர்கள் எழுதி வைக்கட்டும்.

---

பத்தாம்நம்பர்ஸ்பேனர் எழுதியது:

வண்டிச் சீட்டை ஸ்பானிஷிலும் அச்சடியுங்கள். உங்கள் பக்கம் போலிஷும் தேவைப்படும். எங்கள் ஆசிரியர் செய்த சீட்டின் மாதிரி என்னிடம் இருக்கிறது, தனிமடலில் அனுப்புகிறேன். காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு பேர் காத்திருந்தால் வரிசை நகராது.

---

ஐ20கையில் எழுதியது:

அக்கா, நான் உங்கள் கல்லூரிதான் என்று நினைக்கிறேன். ஜோலியட் பக்கம் போகும் சாலையில் இருப்பதா? புதன்கிழமை மாலை லேப் ஆறரைக்கு. அதுவரை பை மேசையில் கடைசி ஆளாக நிற்கிறேன்.